ஒளி என்னும் அளவுகோல்

கடைக்குச் சென்று பண்டங்களை வாங்குவோர் இரண்டினை எதிர்பார்க்கின்றனர். ஒன்று, வாங்கும் பண்டம் நல்லதாக இருத்தல் வேண்டும்; மற்றொன்று, அதற்குக் கொடுக்கும் விலை சரியானதாக இருத்தல் வேண்டும். முற்காலத்தில் விலையைக் கணக்கிடும் பொறுப்பு முழுவதும் மனிதரையே சார்ந்திருந்தது. வணிகர் விலையை வாயால் கூறினார், மனத்தால் கூட்டினார், தாளில் எழுதினார். இன்றோ பெரிய அங்காடிகளில் அப்பொறுப்பின் பெரும்பகுதியைக் கருவி ஏற்றுக்கொண்டுள்ளது. காசாளர் பண்டத்தைக் கருவியின்முன் காட்டுகிறார். கருவி மெல்லிய ஓர் ஒலியை எழுப்புகிறது. அந்நொடியிலேயே பண்டத்தின் பெயரும் விலையும் பட்டியலில் ஏறிவிடுகின்றன.

கருவி பொய் சொல்லாது என்று மக்கள் நம்புகின்றனர். அந்த நம்பிக்கை பெரும்பாலும் உண்மையே. ஆயினும், பொய் சொல்லாத கருவியும் கேளாத போது பேசிவிடுதல் உண்டு. அக்குறை எங்ஙனம் நேர்கிறது என்பதும், அதனைத் தடுக்க ஒளியே அளவுகோலாக எங்ஙனம் பயன்படுகிறது என்பதும் அறியத்தக்கவை.

மணலில் பிறந்த கோடுகள்

பண்டங்களின் உறையில் கறுப்பும் வெள்ளையுமாகச் சில கோடுகள் அச்சிடப்பட்டிருப்பதை எவரும் கண்டிருப்பர். பட்டைக்குறி என்பதும் பார்கோடு என்பதும் அதற்கு வழங்கும் பெயர்கள். அமெரிக்க நாட்டில் பிலடெல்பியா நகரத்துத் திரெக்சல் கல்வி நிலையத்தில் இருந்த பெர்னார்டு சில்வர், நார்மன் சோசப் உட்லண்டு என்னும் இளைஞர் இருவர் இதனைக் கண்டறிந்தவர்கள். உணவுக் கடைகளை நடத்திய ஒருவர், பண்டங்களின் விவரத்தைத் தாமாகவே பதிவு செய்யும் முறை ஒன்று வேண்டும் என்று அக்கல்வி நிலையத் தலைவர் ஒருவரிடம் வேண்டினார். அவ்வுரையாடல் சில்வரின் செவியில் விழுந்தது. அவர் அதனைத் தம் நண்பர் உட்லண்டிடம் கூறினார்.

உட்லண்டு சாரணச் சிறுவராக இருந்த காலத்தில் தந்திக் குறிகளைப் பயின்றவர். ஒருநாள் மயாமிக் கடற்கரையில் அமர்ந்து, அக்குறிகளின் புள்ளிகளையும் சிறு கோடுகளையும் நினைத்தவாறே விரல்களை மணலில் ஊன்றித் தம்மை நோக்கி இழுத்தார். மணலில் நீண்ட கோடுகள் தோன்றின. புள்ளியைக் கீழ்நோக்கி நீட்டினால் மெல்லிய கோடு. சிறு கோட்டைக் கீழ்நோக்கி நீட்டினால் தடித்த கோடு! இவ்வெண்ணமே பட்டைக்குறிக்கு வித்தாயிற்று. 1949-ஆம் ஆண்டு அக்டோபரில் நண்பர் இருவரும் காப்புரிமைக்கு விண்ணப்பம் செய்தனர். 1952-ஆம் ஆண்டு அஃது அவர்களுக்குக் கிடைத்தது.

ஆயினும், அக்குறியைக் குறைந்த செலவில் விரைந்து படிக்கத்தக்க ஒளி அக்காலத்தில் இல்லை. 1960-ஆம் ஆண்டு தியோடர் மைமன் என்னும் அறிவியலார் லேசர் ஒளியை முதன்முதலில் உண்டாக்கிக் காட்டினார். ஊசி முனை போல ஒடுங்கிச் செல்லும் அவ்வொளியும், விரைந்து கணக்கிடும் கணிப்பொறியும் வந்த பின்னரே பட்டைக்குறி கடைக்கு வந்தது. 1974-ஆம் ஆண்டு சூன் 26-ஆம் நாள், ஒகாயோ மாநிலத்துத் திராய் நகரில் ஓர் அங்காடியில், மெல்லும் பிசின் பொட்டலம் ஒன்று கருவியால் படிக்கப்பெற்று 67 சென்டுக்கு விற்கப்பட்டது. உலகப் பொதுக்குறி பதித்த பண்டம் ஒன்று கடையில் படிக்கப்பட்டது அதுவே முதல் முறை.

தவறான எண்ணும் வேண்டாத எண்ணும்

கறுப்புக் கோடு தன்மீது விழும் ஒளியின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். வெள்ளை இடைவெளி அதனைத் திருப்பி அனுப்பும். திரும்பி வரும் ஒளியின் ஏற்றத்தாழ்வைக் கொண்டு கோடுகளின் அகலத்தைக் கருவி அறிகிறது. அகலங்களைக் கொண்டு எண்களை அறிகிறது. கடைப் பண்டங்களின் குறி பல நாடுகளில் பதின்மூன்று இலக்கங்கள் உடையது. அவற்றுள் கடைசி இலக்கம் காவலாள் போன்றது. அதன் பணியை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம்.

8, 9, 0, 1, 2, 3, 4, 5, 6, 7, 8, 4 என்பன முதற் பன்னிரண்டு இலக்கங்கள் என்று கொள்வோம். முதலாவது, மூன்றாவது, ஐந்தாவது என ஒற்றைப்படை இடங்களில் நிற்பவற்றைக் கூட்டினால் 28 வரும். இரட்டைப்படை இடங்களில் நிற்பவற்றைக் கூட்டினால் 29 வரும். அதனை மூன்றால் பெருக்க 87 ஆகும். இரண்டும் சேர்ந்து 115. இதனைப் பத்தின் மடங்காகிய 120 ஆக்குவதற்கு 5 வேண்டும். எனவே 5 என்பதே பதின்மூன்றாவது இலக்கம். உறை கசங்கியமையால் இவ்வெண்ணிலுள்ள 7 என்னும் இலக்கத்தைக் கருவி 1 என்று படித்துவிட்டால், கூட்டுத்தொகை 102 ஆகிவிடும். அது பத்தின் மடங்கு அன்று. உடனே கருவி, ‘இது பிழை’ என்று உணர்ந்து அதனை ஏற்க மறுத்துவிடும். எந்த ஓர் இலக்கம் மாறினும் இக்காவலாள் கண்டுகொள்வான்.

இத்துணைக் காவல் இருந்தும் பட்டியலில் பிழை நேருமா? நேரும். எண்ணைத் தவறாகப் படிப்பது ஒரு பிழை. படிக்க வேண்டாத எண்ணைச் சரியாகப் படித்துவிடுவது மற்றொரு பிழை. முன்னதைத் தடுக்கக் காவல் இலக்கம் உண்டு. பின்னதை அக்காவலாள் அறியான். ஏனெனில், அவன்முன் வந்து நிற்கும் எண்ணில் யாதொரு குறையும் இல்லை. குறை எண்ணில் இல்லை. அது வந்த வேளையில் உள்ளது.

பிழை நேரும் வகை

தொடக்கக் காலத்துக் கருவிகள் லேசர் கதிரைக் குறியின் மீது ஓடவிட்டுப் படித்தன. இக்காலக் கருவிகள் பல, சிறிய ஒளிப்படக் கருவியைக் கொண்டு குறியைப் படமெடுத்துப் படிக்கின்றன. அவற்றின் பார்வை அகன்றது. குறி தலைகீழாக இருப்பினும், சாய்ந்து இருப்பினும் படிக்கவல்லது. காசாளரின் இரு கைகளும் பண்டங்களை எடுத்து வைக்க உதவும்பொருட்டு, இக்கருவியை மேசைமீது ஒரு தாங்கியில் நிறுத்திவிடுவர். விசையை அழுத்த வேண்டுவதில்லை. முன்னே வரும் குறியைக் கருவி தானே படித்துக்கொள்ளும். அதன் நன்மையும் இதுவே, தீமையும் இதுவே.

தொழிலாளி ஒருவர் அன்றைய கூலியை எண்ணி வைத்துக்கொண்டு எண்ணெயும் சோப்பும் வாங்க வருகிறார் என்று கொள்வோம். காசாளர் எண்ணெய்ப் புட்டியைக் காட்டுகிறார், அது பதிவாகிறது. அதனைப் பைக்குள் இடும்போது புட்டி சற்றுத் திரும்புகிறது. அதன் குறி மீண்டும் கருவியின் பார்வையில் படுகிறது. புட்டி ஒன்று, விலை இரண்டு! பின்னால் நிற்பவர் கையில் வைத்துள்ள பொட்டலத்தின் குறி பார்வையில் பட்டு, இவர் பட்டியலில் ஏறிவிடுதலும் கூடும். அவர் அதனைக் கவனியாமல் பணத்தைக் கொடுத்துவிட்டால் இழப்பு அவருடையது. கவனித்துக் கேட்டுவிட்டாலோ, காசாளர் பட்டியலைத் திருத்த வேண்டும், வரிசையில் நிற்போர் முணுமுணுப்பர், ‘ஏமாற்றுகிறாயா?’ என்னும் சொல்லும் எழக்கூடும். பிழை செய்தது கருவி. பழி சுமப்பவர் மனிதர்.

மருத்துவமனையில் இதன் விளைவு இன்னும் பெரிது. நோயாளியின் மணிக்கட்டில் கட்டிய பட்டையையும், அவருக்குரிய மருந்தின் உறையையும் கருவியால் படித்து, இரண்டும் பொருந்துகின்றனவா என்று பார்க்கும் முறை பல இடங்களில் உள்ளது. அமெரிக்க நாட்டில் மருத்துவர் சீட்டின்பேரில் வழங்கும் மருந்துகளுள் பெரும்பாலானவற்றில் பட்டைக்குறி இருத்தல் வேண்டும் என்று அரசின் உணவு மருந்துத் துறை 2004-ஆம் ஆண்டு விதி செய்தது. மருந்து மாறாமல் காப்பதே அவ்விதியின் நோக்கம். செவிலியின் மேசைமீது இரண்டு மருந்துகள் அருகருகே இருக்கும்போது, கையில் எடுத்ததை விடுத்து எடுக்காததைக் கருவி படித்துவிட்டால் காவலே குழப்பமாக முடியும்.

பழைய மாற்றுகள்

இக்குறையை நீக்கப் பல வழிகள் ஆராயப்பட்டன. விசையை அழுத்தினால் மட்டுமே படிக்கும்படி செய்வது ஒரு வழி. அது பிழையைப் பெரிதும் குறைக்கும். ஆனால் காசாளரின் ஒரு கையைக் கட்டிப் போட்டுவிடும். ஒரு குறியைப் படித்த பின் சிறிது நேரத்திற்கு அதே குறியை ஏற்காதிருக்கச் செய்வது மற்றொரு வழி. இதனால் இருமுறை பதிவாவது குறையும். ஆயினும், ஒரே வகைச் சோப்பு ஆறு கட்டிகளை ஒருவர் வாங்கினால், ஒவ்வொன்றுக்கும் காத்திருக்க நேரிடும். காத்திருக்கும் நேரத்தைக் குறைத்தால் பழைய பிழை திரும்பும்.

அருகில் ஏதேனும் வந்தால் மட்டும் கருவி விழித்தெழுமாறு செய்தல் மூன்றாவது வழி. இதற்காகக் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிரை வெளியே அனுப்பி, திரும்பி வரும் ஒளியின் வலிமையை அளந்தனர். ஒளி மிகுதியாகத் திரும்பினால் பொருள் அருகில் உள்ளது. குறைவாகத் திரும்பினால் தொலைவில் உள்ளது என்பது அவர்தம் கணக்கு. கணக்கு எளிதே, ஆனால் உலகம் அத்துணை எளிதன்று. தொலைவில் நிற்பவரின் வெள்ளைச் சட்டை மிகுந்த ஒளியைத் திருப்பி அனுப்பும். அருகிலுள்ள கறுப்பு உறையோ வந்த ஒளியை விழுங்கிவிடும். இருளில் தெரியும் விளக்கு ஒன்று, அருகிலுள்ள சிறு விளக்கா, தொலைவிலுள்ள பெரு விளக்கா என்று அதன் ஒளியை மட்டும் கொண்டு கூற இயலுமா? அதுபோன்ற இடர்ப்பாடே இங்கும் நேர்ந்தது.

ஒளியின் பயணம்

ஒளி எவ்வளவு திரும்புகிறது என்று பாராமல், எவ்வளவு நேரத்தில் திரும்புகிறது என்று பார்த்தால் என்ன? இவ்வினாவே இடர்ப்பாட்டைத் தீர்த்தது.

மலையை நோக்கி ஒருவர் உரக்கக் கூவுகிறார். இரண்டு நொடி கழித்து எதிரொலி கேட்கிறது. ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். சென்று திரும்ப இரண்டு நொடியாயின், போவதற்கு ஒரு நொடி. எனவே மலை 340 மீட்டர் தொலைவில் உள்ளது. குரல் உரத்ததாயினும் மெல்லியதாயினும் எதிரொலி வரும் நேரம் மாறாது. வௌவால் இருளில் இரை தேடுவதும் இம்முறையிலேயே.

ஒலிக்குப் பதிலாக ஒளியை அனுப்பினால் இதே கணக்குப் பொருந்தும். ஆனால் ஒளியின் விரைவு மலைப்பூட்டுவது. ஒளி ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் செல்ல நேரம் எடுத்துக்கொள்கிறது என்பதையே மக்கள் நெடுங்காலம் அறியவில்லை. 1676-ஆம் ஆண்டு ஓலி ரோமர் என்னும் தென்மார்க்கு நாட்டு வானியலார், வியாழனின் துணைக்கோள் ஒன்று மறைந்து தோன்றும் காலத்தை ஆராய்ந்து அவ்வுண்மையை நிறுவினார். 1849-ஆம் ஆண்டு பிரெஞ்சு நாட்டு பிசோ என்பவர், 720 பற்களுடைய சக்கரம் ஒன்றை விரைவாகச் சுழற்றி, அதன் இடைவெளி வழியே ஒளியை அனுப்பினார். 8,633 மீட்டர் தொலைவில் வைத்த கண்ணாடியில் பட்டு அது திரும்பி வருவதற்குள் சக்கரத்தின் பல் ஒன்று வந்து வழியை மறைத்தது. சக்கரத்தின் விரைவிலிருந்து அவர் ஒளியின் விரைவைக் கணக்கிட்டார். இன்று ஒளியின் விரைவு வெற்றிடத்தில் நொடிக்கு 29,97,92,458 மீட்டர் என்று வரையறுக்கப்பட்டுள்ளது.

பிசோவுக்கு எட்டுக் கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு தேவைப்பட்டது. கடை மேசையில் உள்ள தொலைவோ ஒரு சாண்! ஒரு நொடியை நூறு கோடிப் பங்காக்கினால் அவற்றுள் ஒரு பங்கு நானோ நொடி எனப்படும். அந்நேரத்தில் ஒளி ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் செல்லும். எனவே 15 சென்டிமீட்டர் தொலைவிலுள்ள பொட்டலத்தில் பட்டு ஒளி திரும்ப ஒரு நானோ நொடி போதும். 60 சென்டிமீட்டர் தொலைவில் நிற்பவரின் சட்டையில் பட்டுத் திரும்ப நான்கு நானோ நொடி ஆகும். ஒரு சென்டிமீட்டர் வேறுபாட்டை அறிய வேண்டுமாயின், ஒரு நானோ நொடியில் பதினைந்தில் ஒரு பங்கைப் பிரித்து அறிதல் வேண்டும்.

சிறு கருவியின் பெருந்திறன்

இத்துணை நுண்ணிய நேரத்தை அளக்கும் உணர்கருவி, ஒரு நெல்மணியை விடப் பெரிதும் மிகாத அளவில் இன்று செய்யப்படுகிறது. அதனுள் மிகச் சிறிய லேசர் ஒன்று அகச்சிவப்புக் கதிரைத் துடிப்புத் துடிப்பாக அனுப்புகிறது. கண்ணுக்குத் தீங்கு செய்யாத அளவிலேயே அதன் வலிமை இருக்கும். திரும்பி வரும் ஒளியை ஏற்கும் பகுதி வியப்புக்குரியது. ஒளி, துகள் துகளாக வருவது. ஒரே ஓர் ஒளித்துகள் பட்டாலும் அப்பகுதியில் மின்னோட்டம் பெருகி எழும். பனிமலையில் உருண்ட சிறு கல் ஒன்று பெரும் பனிச்சரிவை எழுப்புவது போன்றது இது.

அறையிலுள்ள விளக்கொளியும், சாளரத்தின் வழியே வரும் கதிரவன் ஒளியும் கூட இக்கருவியில் படுமே. அவற்றிலிருந்து தான் அனுப்பிய ஒளியைக் கருவி எங்ஙனம் பிரித்து அறியும்? இதற்கு இரு காவல்கள் உள்ளன. இத்தகைய கருவிகளுள் பல, 940 நானோமீட்டர் அலைநீளமுடைய கதிரைப் பயன்படுத்துகின்றன. காற்றிலுள்ள நீராவி அவ்வலைநீள ஒளியைக் கவர்ந்துகொள்வதால், கதிரவன் ஒளியில் அது குறைந்தே தரைக்கு வருகிறது. இது முதற் காவல்.

இரண்டாவது காவல் எண்ணிக்கையில் உள்ளது. பள்ளிக்கு வரும் மாணவரைப் பார்த்தால் இஃது எளிதில் விளங்கும். நடந்து வருவோர் காலையில் ஒவ்வொரு நிமிடமும் ஓரிருவராக வந்துகொண்டிருப்பர். பேருந்தில் வருவோரோ குறித்த ஒரு நிமிடத்தில் கூட்டமாக வருவர். பல நாட்கள் வாயிலில் நின்று, எந்த நிமிடத்தில் எத்தனை பேர் வந்தனர் என்று குறித்துக்கொண்டால், பேருந்து வரும் நேரம் மட்டும் குன்று போல உயர்ந்து காணப்படும். அவ்வாறே உணர்கருவி பல்லாயிரம் துடிப்புகளை அனுப்பி, ஒவ்வோர் ஒளித்துகளும் வந்த நேரத்தைக் குறித்துக்கொள்கிறது. விளக்கொளித் துகள்கள் எல்லா நேரங்களிலும் சிதறி வரும். பொருளில் பட்டுத் திரும்பியவை ஒரே நேரத்தில் குவியும். அக்குவியல் எங்கே உள்ளதோ அதுவே பொருளின் தொலைவைக் காட்டும். இவையனைத்தும் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் முடிந்துவிடுகின்றன.

கறுப்பு உறையிலிருந்து திரும்பும் துகள்கள் சிலவே; ஆயினும் அவை வரும் நேரம் மாறாது. வெள்ளைச் சட்டையிலிருந்து பல துகள்கள் திரும்பும். அவை காலந்தாழ்ந்தே வரும். இதனால் நிறம் கருவியை ஏமாற்றுவது அரிதாகிறது.

படிக்க வேண்டியதும் வேண்டாததும்

தொலைவு தெரிந்தபின் கருவிக்கு ஒழுங்கு கற்பித்தல் எளிது. கருவியின்முன் 20 சென்டிமீட்டர் வரை எல்லை என்று வைத்துக்கொள்வோம். எல்லைக்கு அப்பால் உள்ள எதனையும் கருவி பொருட்படுத்தாது. விளக்கை அணைத்துவிட்டு உறங்கும். இதனால் காசாளரின் கண்கள் ஓயாத ஒளியிலிருந்து தப்புகின்றன, மின்சாரமும் மிஞ்சுகிறது. பொருள் எல்லைக்குள் வந்தால் கருவி விழித்துப் படிக்கிறது. கை ஒன்று குறுக்கே விரைந்து சென்றாலோ, அடுத்தடுத்த சில அளவுகளிலும் அது நிலைத்து நிற்கவில்லை என்று கண்டு விட்டுவிடுமாறு செய்யலாம். பொருள் எல்லைக்கோட்டிலேயே தயங்கி நின்றால், கருவி விழித்தும் உறங்கியும் தடுமாறக்கூடும். ஆகையால் விழிப்பதற்கு 20 சென்டிமீட்டரும் உறங்குவதற்கு 25 சென்டிமீட்டரும் என இரண்டு எல்லைகளை வகுப்பதும் உண்டு.

ஆறு கட்டிச் சோப்புக்கும் இங்கே விடை கிடைக்கிறது. முதற் கட்டி எல்லையை விட்டு நீங்கியதைக் கருவி தொலைவால் அறியும். அதன்பின் அதே குறி மீண்டும் எல்லைக்குள் வந்தால், அது புதிதாகக் காட்டப்பட்டது என்று கொள்ளலாம். எல்லைக்குள்ளேயே நின்று திரும்பித் திரும்பித் தோன்றினால், அது முன்னர்ப் படித்த பொருளே என்று விட்டுவிடலாம். காத்திருக்கும் நேரத்தைக் கணக்கிட்டு மல்லாட வேண்டுவதில்லை.

ஆயினும் இக்கருவிக்கும் வரம்பு உண்டு. பளபளக்கும் தகடு ஒளியை வேறு திசையில் திருப்பிவிடும். தெளிந்த கண்ணாடிப் புட்டி ஒளியைத் தன் வழியே போகவிட்டுவிடும். கருவியின் முகப்பில் படிந்த அழுக்கு, அருகில் பொருள் இருப்பது போன்ற மயக்கத்தை உண்டாக்கும். ஒளி கூம்பு போல விரிந்து செல்வதால், குறிக்கு முன்னே நீண்டிருக்கும் விரலின் தொலைவையும் அது அளந்துவிடக்கூடும். எல்லையைக் குறுக்கினால் காசாளரின் மணிக்கட்டு நாள் முழுதும் வருந்தும். விரித்தால் பழைய பிழைகள் தலைகாட்டும். மேசையின் அகலத்தையும் வாங்குவோர் நிற்கும் இடத்தையும் பார்த்தே எல்லையை வகுத்தல் வேண்டும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, கருவி அளப்பது தொலைவை. மனிதரின் கருத்தை அன்று. வாங்குவதற்காகக் கொண்டுவந்த பொருளா, வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கும் பொருளா என்று அஃது அறியாது. எனவே பட்டியலை ஒருமுறை படித்துப் பார்க்கும் வழக்கம் வாங்குவோரை விட்டு நீங்குதல் ஆகாது; கேட்பவரிடம் சினவாது திருத்திக் கொடுக்கும் பண்பு விற்போரை விட்டு நீங்குதலும் ஆகாது.

1969-ஆம் ஆண்டு நிலவில் இறங்கிய மனிதர் அங்கே ஒளியைத் திருப்பியனுப்பும் கண்ணாடித் தொகுதி ஒன்றை வைத்து வந்தனர். மண்ணிலிருந்து அனுப்பிய லேசர் ஒளி அதில் பட்டு ஏறத்தாழ இரண்டரை நொடியில் திரும்புகிறது. அந்நேரத்தைக் கொண்டு நிலவின் தொலைவை அறிவியலார் மிக நுட்பமாக அளக்கின்றனர். வானத்து நிலவை அளக்கும் அதே முறை, கடை மேசையில் ஒரு சோப்புக் கட்டியின் தொலைவையும் அளக்கிறது. அங்கே அதனால் அறிவு வளர்கிறது. இங்கே எண்ணிய காசோடு வந்த ஒருவர், வாங்கியதற்கு மட்டுமே விலை கொடுத்து வீடு திரும்புகிறார். இரண்டும் அறிவியலின் பயன்களே.